நூற்றுவர் தலைவரின் தாழ்ச்சி

திருப்பலியில் நற்கருணை விருந்துக்கு முன் குருவும் மக்களும் ஒரே குரலில் சொல்லும் சிறியதொரு மன்றாட்டு உண்டு. ஆண்டவர் நம் இல்லத்தில் எழுந்தருள நாம் தகுதியற்றவர்கள் என்று அறிக்கையிட்டு, அவருடைய ஒரு வார்த்தையே போதும், நம் ஆன்மா நலம் பெறும் என்று வேண்டுகிறோம். 1970-ஆம் ஆண்டின் திருப்பலி நூல் வருவதற்கு முன், இலத்தீன் வழிபாட்டுக் காலத்தில், மார்பில் தட்டிக்கொண்டு இதனை மும்முறை சொல்வது வழக்கம். இன்று ஒருமுறை சொல்கிறோம். ஒருமுறையோ மும்முறையோ, சொல்லிப் பழகிய நாவுக்குப் பொருள் எட்டாமலே போய்விடுகிறது. வரிசையில் முந்தி நிற்பதற்காக மக்கள் எழும் ஓசையில் இம்மன்றாட்டின் பிற்பகுதி கரைந்துபோவதைப் பீடத்தில் நிற்கும் நாம் ஞாயிறுதோறும் கேட்கிறோம்.

இம்மன்றாட்டு எவருடையது? மரியன்னையின் வாக்கன்று, பேதுருவினுடையதோ பவுலினுடையதோ அன்று. யூத மறையைச் சேராத, திருமுழுக்குப் பெறாத, வாளேந்திய ஒரு படை அதிகாரியின் சொல் அது. ஆயிரம் புனிதர்களின் செபங்கள் கைவசம் இருக்க, திருச்சபை தன் வழிபாட்டின் உச்சத்தில் புறவினத்தார் ஒருவரின் பேச்சை எடுத்து ஆயர், குரு, பொதுநிலையினர் அனைவரின் நாவிலும் வைத்திருக்கிறது. வைக்கும்போது முக்கியமான ஒரு சொல்லை மாற்றியது. அந்த அதிகாரி நலம் வேண்டியது தம் பணியாளருக்கு. நாம் வேண்டுவது நம் ஆன்மாவுக்கு. நற்கருணை வாங்கப் போகிறவர் தம் ஆன்மாவை நினைப்பது முறையே. அம்மாற்றத்தில் பிழை காண நாம் வரவில்லை. ஆயினும் முதலில் இருந்த அந்தச் சொல் எங்கே போயிற்று என்று அவ்வப்போது தேடிப் பார்ப்பது நன்று. தாழ்ச்சியைப் பற்றி இந்நிகழ்ச்சி கற்பிப்பதில் பெரும்பகுதி அந்தப் பணியாளரோடு பிணைந்து கிடக்கிறது.

மத்தேயு தம் நற்செய்தியின் 8-ஆம் அதிகாரத்திலும் லூக்கா 7-ஆம் அதிகாரத்திலும் இதனை வரைந்துள்ளனர். நிகழ்ந்த இடம் கப்பர்நாகும். கலிலேயக் கடலின் வடமேற்குக் கரையில், கருங்கற்களால் கட்டிய சிறு வீடுகள் நெருங்கி நின்ற ஊர். மீனவர்களும் சுங்கம் தண்டுவோரும் வாழ்ந்த எல்லைப்புறம். அக்காலத்தில் கலிலேயாவை ஏரோது அந்திப்பா ஆண்டுவந்தான். உரோமையின் நேரடி ஆட்சி அங்கே இல்லை. ஆகவே நம் கதைத் தலைவர் பெரும்பாலும் அந்திப்பாவின் படையில், உரோமை முறைப்படி பதவி வகித்த யூதரல்லாத ஒருவர் என்பது அறிஞர் பலருடைய கருத்து. அப்பதவியின் பெயர் நூற்றுவர் தலைவர் என்றாலும், உரோமைப் படையில் அத்தகையோரின் கீழ் நின்றோர் வழக்கமாக எண்பது பேரே.

அப்பதவி எத்தகையது என்பதை நினைவில் கொள்ளாவிட்டால் கதையின் சுவை பாதி போய்விடும். நூற்றுவர் தலைவனின் அடையாளம் கையில் பிடிக்கும் திராட்சைக்கொடித் தடி. அது அழகுக்கு வைத்திருந்ததன்று. கி.பி. 14-இல் பன்னோனியாவில் படைவீரர் கலகம் செய்ததை விவரிக்கும் உரோமை வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், லூசிலியு என்னும் நூற்றுவர் தலைவன் ஒருவனைக் குறிப்பிடுகிறார். வீரனின் முதுகில் தடி முறிந்ததும் இன்னொன்று கொண்டுவரச் சொல்வானாம். அதுவும் முறிந்தால் மற்றொன்று. அந்த ஏவலே அவனுக்குப் பட்டப்பெயராக நிலைத்துவிட்டது. கலகக்காரர்கள் அவனைக் கொன்றுபோட்டார்கள். இயேசு இளைஞராய் நாசரேத்தில் தச்சு வேலை செய்துகொண்டிருந்த ஆண்டுகளில் நடந்தது இது. படையாள் என்றாலே சாதாரண மக்களுக்கு அச்சம். வழியில் போகிறவனைப் பிடித்துச் சுமையைத் தலையில் ஏற்றி ஒரு கல் தொலைவு நடத்திச் செல்லும் உரிமை அவனுக்கு இருந்தது. மலைப்பொழிவில் ஆண்டவர் சுட்டிக்காட்டுவதும் அந்தக் கட்டாயத்தைத்தான்.

அத்தகைய கட்டாய உரிமை உடையவர் கெஞ்சுகிறார் என்பதே முதல் வியப்பு. ஊர் ஊராய்ப் போதித்துத் திரியும் ஒரு தச்சரை இழுத்து வரச் சொல்லி இரண்டு வீரர்களை அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. மத்தேயுவின்படி தாமே வந்து வேண்டுகிறார். லூக்காவின்படி முதலில் யூத மூப்பர்களை அனுப்புகிறார். பின்னர் இயேசு வீட்டை நெருங்கும் வேளையில் நண்பர்களை அனுப்பித் தடுக்கிறார். ஒருவர் பிறர் வழியாக வந்து வேண்டினாலும் வந்தவர் அவரே என்று கூறி இவ்விரு பதிவுகளையும் இசைவிப்பார் புனித அகுஸ்தினார். அந்த இசைவு நமக்கு நிறைவே. எனினும் லூக்காவின் பதிவில் ஓர் அருமை உண்டு: அங்கே இந்த மனிதர் இயேசுவை ஒருமுறையேனும் நேரில் காண்பதில்லை. காணாமலே கேட்டார், காணாமலே பெற்றார். நம் நிலையும் அதுதானே!

இனி, மூப்பர்கள் இயேசுவிடம் பேசிய பேச்சைக் கவனிப்போம். இம்மனிதர் உம் உதவிக்குத் தகுதியுள்ளவர் என்று தொடங்குகிறார்கள். நம் மக்கள்மேல் அன்புள்ளவர், நமக்குத் தொழுகைக்கூடம் கட்டித் தந்தவர் என்று சான்று அடுக்குகிறார்கள். சிறிது நேரத்தில் அதே மனிதர் நண்பர்கள் வாயிலாகச் சொல்லியனுப்பும் செய்தி, நான் தகுதியற்றவன் என்பது. கிரேக்க மூலத்தில் மூப்பர்கள் பயன்படுத்தும் சொல்லின் வேரிலிருந்தே பிறந்த வினையை எடுத்து, உம்மிடம் நேரில் வரவும் என்னைத் தகுதியுள்ளவனாக எண்ணவில்லை என்கிறார் அவர். லூக்கா இதனை வேண்டுமென்றே அருகருகே வைத்திருக்க வேண்டும். ஊர் கொடுத்த சான்றிதழ் ஒரு கையில், தாமே எழுதிக் கொடுத்த சான்றிதழ் மறு கையில். இயேசு வியந்தது இரண்டாவதைக் கண்டுதான்.

இங்கே ஒரு நுட்பம். தொழுகைக்கூடம் கட்டியதை அவர் மறுக்கவில்லை. நானா கட்டினேன், எல்லாம் அவன் செயல் என்று குழைந்து பேசவும் இல்லை. அந்தப் பேச்சையே அவர் எடுக்கவில்லை. தாழ்ச்சி என்பதை நம்மில் பலர் தம்மைப் பற்றிப் பொய் சொல்வதாகப் புரிந்துகொண்டிருக்கிறோம். பாடத் தெரிந்தவர் பாடத் தெரியாது என்பார், நாலு பேர் வற்புறுத்தட்டும் என்று. அவிலா நகர்ப் புனித தெரேசா தாழ்ச்சியை உண்மையோடு சேர்த்தே பேசினார். உள்ளதை இல்லையெனச் சொல்வது தாழ்ச்சியாகாது. கட்டிய கூடம் கட்டியதே. ஆனால் அதைக் காட்டி ஆண்டவரிடம் வரவு வைக்க முடியாது என்று அறிந்திருந்தார் அந்தப் படையாள்.

நம் ஆலயங்களில் ஒரு குழல்விளக்கைக்கூட உபயதாரர் பெயர் இல்லாமல் காண்பது அரிது. பெயரைப் பெரிதாக எழுதி எழுதி வெளிச்சத்தில் பாதியை மறைத்துவிட்ட விளக்குகளை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். மின்விசிறியின் இறக்கையில், பெஞ்சின் முதுகில், திருப்பாடுகளின் பாதைப் படங்களின் அடியில் பெயர்கள். கொடுத்த மனத்தைப் பழிக்க வேண்டியதில்லை. அவற்றுள் பல, இறந்த பெற்றோரின் நினைவைப் போற்றி எழுதப்பட்டவை. கப்பர்நாகுமில் ஒரு முழுத் தொழுகைக்கூடத்தையே கட்டியவரின் பெயர் என்ன என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். மத்தேயுவும் சொல்லவில்லை, லூக்காவும் சொல்லவில்லை. 1894-இல் பிரான்சிஸ்கன் சபையார் வாங்கிக் காத்துவரும் அவ்விடத்தில் இன்று நிற்கும் வெண்சுண்ணக்கல் கூடம் சில நூற்றாண்டுகள் பிந்தியது. அதன் அடியில் கருங்கல் கட்டடத்தின் எச்சங்கள் கிடக்கின்றன. இந்த நூற்றுவர் தலைவர் கட்டியது அதுவே என்று கருதுவோர் உண்டு. அவ்வளவுதான் மிஞ்சியது. அவர் கட்டிய கட்டடம் மண்ணுக்குள் போய்விட்டது. அவர் சொல்லியனுப்பிய வாக்கியம் உலகெங்கும் பீடங்களில் நாள்தோறும் ஒலிக்கிறது.

இல்லம் என்று தமிழில் நாம் சொல்லுமிடத்தில் மூலத்தில் இருப்பது கூரை. என் கூரையின்கீழ் நீர் வரத் தகுதியற்றவன் என்கிறார். இதில் தம் குறையுணர்வு மட்டுமல்ல, பிறர்மீது கொண்ட கரிசனையும் உண்டு. யூதர் ஒருவர் பிற இனத்தார் வீட்டினுள் நுழைவது முறையன்று என்பது அந்நாளைய வழக்கம். திருத்தூதர் பணிகள் 10-ஆம் அதிகாரத்தில் கொர்னேலியு என்னும் மற்றொரு நூற்றுவர் தலைவரின் வீட்டில் நின்றுகொண்டு பேதுருவே அதை எடுத்துச் சொல்கிறார். என் வீட்டுக்கு வந்து நீர் ஊராரின் பழிச்சொல்லுக்கு ஆளாக வேண்டாம் என்ற நாகரிகம் இந்தத் தடுப்பில் அடங்கியிருக்கிறது. தம் தேவை எவ்வளவு பெரிதாயினும் பிறரின் சங்கடத்தை எண்ணிப் பார்ப்பது தாழ்ச்சியின் ஒரு கூறு. நள்ளிரவில் கதவைத் தட்டி, உடனே வந்தால்தான் ஆயிற்று என்போரையும், வாசலில் தயங்கி நின்று, சாமி சாப்பிட்டீர்களா என்று கேட்டபின் சேதி சொல்வோரையும் பங்குப் பணியில் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

அவருடைய நம்பிக்கையின் மையம் அடுத்துவரும் சொல்லில் உள்ளது. நானும் அதிகாரத்திற்கு உட்பட்டவன்; என் கீழும் வீரர்கள் உண்டு; ஒருவனைப் போ என்றால் போகிறான், மற்றொருவனை வா என்றால் வருகிறான் என்பது அவர் தரும் விளக்கம். இதனைப் பதவிப் பெருமையாகப் படிப்பவர்கள் தொடக்கச் சொல்லைத் தவறவிடுகிறார்கள். ஏவுவதற்கு முன்னர் அவர் தாம் ஏவப்படுபவர் என்கிறார். அவருடைய ஒரு சொல்லுக்கு எண்பது பேர் அசைகிறார்கள் என்றால், அவர்மேல் ஓர் ஆட்சி நிற்பதே காரணம். அவர் கீழ்ப்படிவதை நிறுத்திவிட்டால் அவருடைய சொல்லுக்கும் யாரும் கீழ்ப்படியார். பாளையத்தில் கற்றுக்கொண்ட இந்த எளிய உண்மையைக் கொண்டு அவர் இயேசுவை அடையாளம் கண்டார். இவரும் ஒருவருக்குக் கீழ்ப்படிந்து வந்திருக்கிறார். ஆகவேதான் நோயும் இவருக்குக் கீழ்ப்படிகிறது என்று கண்டார். நான்காம் நற்செய்தியில் ஆண்டவர் தம்மை அனுப்பிய தந்தையைப் பற்றி விரிவாகப் பேசுவதை இறையியல் வகுப்பில் பல மாதங்கள் பயின்றோம். இந்த மனிதர் அதனைத் தம் தொழிலிலிருந்தே எட்டிப் பிடித்துவிட்டார்.

முன்னாளில் விசுவாசம் என்றோம். 1995-இல் பொது மொழிபெயர்ப்பு வெளிவந்தபின் நம்பிக்கை என்கிறோம். எச்சொல்லைப் பயன்படுத்தினாலும், இந்நிகழ்ச்சியில் அது குறிப்பது ஒருவரின் சொல்லின்மேல் முழுப் பாரத்தையும் வைப்பதை. இயேசு வியந்ததாக நற்செய்திகள் கூறுவது இரண்டே நிகழ்ச்சிகளில். ஒன்று இங்கே, அயலாரின் நம்பிக்கையைக் கண்டு. மற்றொன்று நாசரேத்தில், சொந்த ஊராரின் நம்பிக்கையின்மையைக் கண்டு. மத்தேயு இந்நிகழ்ச்சியோடு ஓர் எச்சரிக்கையையும் சேர்க்கிறார்: கிழக்கிலும் மேற்கிலுமிருந்து பலர் வந்து ஆபிரகாமின் பந்தியில் அமர்வர், அரசுக்கு உரியோர் வெளியே தள்ளப்படுவர் என்று. பிறந்த எட்டாம் நாளே திருமுழுக்குப் பெற்ற பரம்பரைக் கத்தோலிக்கரான நாம், இந்த அரசுக்குரியோர் யார் என்று வேறெங்கும் தேடிப்போக வேண்டியதில்லை.

பழைய ஏற்பாட்டிலும் நோயோடு தொடர்புடைய அயல்நாட்டுப் படைத்தலைவர் ஒருவர் உண்டு: சிரியாவின் நாமான். அரசர்கள் இரண்டாம் நூலின் 5-ஆம் அதிகாரம் இரசனையோடு அதனைச் சொல்கிறது. தேரும் குதிரைகளுமாய் எலிசாவின் வாசலில் வந்து நிற்கிறார். இறைவாக்கினர் வெளியே வராமல் ஆள் அனுப்பி, யோர்தானில் ஏழுமுறை மூழ்கச் சொல்கிறார். நாமானுக்கு வந்ததே கோபம்! தாமே வெளியே வந்து நின்று, கையை அசைத்து மன்றாடியிருக்க வேண்டாமா என்கிறார். எங்கள் நாட்டில் இதைவிட நல்ல ஆறுகள் இல்லையா என்கிறார். அவரைத் தணித்து ஆற்றில் இறக்கியவர்கள் அவருடைய வேலையாட்கள். இறைவாக்கினரைப் பற்றி முதலில் சொன்னவளும் போரில் பிடிபட்ட ஓர் அடிமைச் சிறுமி. கீழே இருப்பவர்களே அந்தத் தலைவரைக் காப்பாற்றினார்கள். கப்பர்நாகுமிலோ, மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்காக மன்றாடுகிறார். நாமான் தமக்காக வந்து, எலிசா வெளியே வரவில்லையென்று சினந்தார். இவர் பிறருக்காகக் கேட்டு, இயேசு வர வேண்டாமென்று தடுத்தார்.

அந்தப் பணியாளரிடம் வருவோம். லூக்கா அவரை வெளிப்படையாக அடிமை என்றே குறிக்கிறார். உரோமை உலகில் நோயுற்ற அடிமையின் மதிப்பு என்ன? வேளாண்மை பற்றி நூல் எழுதிய வார்ரோ, அடிமையைப் பேசும் கருவி என்ற வகையில் சேர்த்தார். மாடு குரல் மட்டும் உள்ள கருவி, வண்டி ஊமைக் கருவி. அவருக்கு முன்னரே கேத்தோ, பழைய இரும்பையும் வயதான மாட்டையும் விற்றுவிடுவதுபோல் நோயாளி அடிமையையும் விற்றுவிட வேண்டும் என்று பண்ணையாருக்கு அறிவுரை எழுதி வைத்தார். உரோமையில் சிலர் நோயுற்ற அடிமைகளை வைத்தியம் பார்க்க மனமின்றித் திபேர் ஆற்றுத் தீவில், அஸ்குலாப்பியு தெய்வத்தின் கோவிலருகே, கொண்டுபோய் விட்டுவிடுவார்களாம். அவ்வாறு கைவிடப்பட்டவர் பிழைத்துக்கொண்டால் அவர் விடுதலை பெற்றவர் என்று கி.பி. 41 முதல் 54 வரை ஆண்ட கிளாதியு பேரரசன் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. இதனை எழுதிவைத்தவர் சுவேத்தோனியு.

இந்தப் பின்புலத்தில், பக்கவாதத்தால் துடித்துக்கொண்டிருந்த ஓர் அடிமைக்காக ஊர்ப் பெரியவர்களைத் தூது விடுகிறார் ஓர் அதிகாரி. தம் செல்வாக்கையும் சுயமரியாதையையும் ஒருங்கே செலவழிக்கிறார். ஆண்டவரை நோக்கி நான் தகுதியற்றவன் என்று சொன்ன அதே வாய், அடிமை இதற்குத் தகுதியற்றவன் என்று சொல்லவில்லை. நமக்கு இக்கதையில் மிகவும் உறைப்பது இதுவே. மேலே பார்க்கும்போது குனிகிறவர்கள் பலர். கீழே பார்க்கும்போதும் குனியத் தெரிந்தவர்களையே தாழ்ச்சியுள்ளவர்கள் என்று எண்ண வேண்டும். வள்ளுவரும் பணிவை எல்லார்க்கும் பொதுவாகப் பரிந்துரைத்துவிட்டு, செல்வருக்கு அது கூடுதலான ஒரு செல்வம் என்று தனியே கூறியிருப்பது இங்கு எண்ணத்தக்கது.

பங்குகளில் திருப்பலிக் கருத்துகளைப் பதியும் ஏடு ஒன்று இருக்கும். இறந்தோர் நினைவு, மகனின் தேர்வு, மகளின் திருமணம், வெளிநாட்டு விசா, வழக்கு வெற்றி, புதுவீடு எனப் பக்கங்கள் நிறையும். எல்லாம் நியாயமான வேண்டுதல்களே. முப்பது ஆண்டுகளுக்கு அண்மித்த பணியில், தம் வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்ணின் காய்ச்சலுக்காகவோ, தம் கடையில் மூட்டை தூக்குபவரின் முதுகுவலிக்காகவோ வந்து பெயர் எழுதியவர்களை எண்ண நமக்கு ஒரு கையின் விரல்களே மிகுதி. அரிசி ஆலை வைத்திருந்த ஒருவர் வந்தார். மூட்டை சரிந்து இடுப்பொடிந்த தொழிலாளிக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கக் கேட்டார். மருத்துவச் செலவைத் தாம் ஏற்றிருந்ததை அவர் சொல்லவில்லை. பிறர் சொல்லித்தான் தெரியும். ஏட்டில் யார் பெயரில் எழுதுவது என்று கேட்டபோது தொழிலாளியின் பெயரை முழுமையாக, தந்தை பெயரோடு சொன்னார். வேலையாட்களின் தந்தை பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இங்கே ஒரு கேள்வியைத் தவிர்க்க இயலாது. நூற்றுவர் தலைவருக்குத் தாழ்ச்சி அழகாகப் பொருந்துகிறது. அவரிடம் இறங்கிவர உயரம் இருந்தது. பிறந்த நாள் முதல், நீ தகுதியற்றவன், தள்ளி நில் என்று கேட்டே வளர்ந்தவரிடம் போய், நீ தகுதியற்றவன் என்று சொல்லி மன்றாடு என்பது நீதியா? ஏற்கெனவே குனிந்த முதுகின்மேல் வழிபாடும் ஒரு மூட்டையை ஏற்றுகிறதா? தலித் கிறிஸ்தவர்களிடமிருந்து இக்கேள்வி எழுந்திருக்கிறது. அதனை முரட்டுப் பேச்சென்று ஒதுக்குவது தவறு. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் ஒரே கோவிலுக்குள் சாதிக்கொரு பகுதியாக மக்களைப் பிரித்து நிறுத்திய தடுப்பு 1910-இல் அகற்றப்பட்டபோது, அதை எதிர்த்தவர்கள் சென்னை உயர்நீதிமன்றம் வரை வழக்காடித் தோற்றார்கள். வழக்காடியவர்களும் நற்கருணை வாங்கியவர்களே; தகுதியற்றவன் என்று மார்பில் தட்டிக்கொண்டவர்களே. கல்லறைத் தோட்டத்துச் சுவர்கள் சிலவிடங்களில் இன்றும் நிற்கின்றன. 2003 நவம்பரில் தம்மைச் சந்தித்த தமிழக ஆயர்களிடம் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சாதி வேற்றுமையைக் கண்டித்துப் பேசியது காரணமின்றி அன்று.

தகுதியற்றவன் என்னும் சொல்லைத் தன்மையில் மட்டுமே சொல்லலாம் என்பதே இக்கேள்விக்கு நமக்குத் தெரிந்த மறுமொழி. நான் என்பதை எழுவாயாகக் கொண்டால் அது செபம்; நீ என்றோ அவன் என்றோ எழுவாயை மாற்றிய கணமே அது பாவம். கப்பர்நாகும் மூப்பர்கள் ஒருவரைத் தகுதியுள்ளவர் என்றார்கள். அவ்வளவே பிறரைப் பற்றி நாம் சொல்லத்தக்கது. திருப்பலியில் அந்த மன்றாட்டைப் பண்ணையாரும் பண்ணையாளும், ஆயரும் ஆலயம் பெருக்குபவரும் ஒரே நேரத்தில், ஒரே சொற்களில் சொல்கிறார்கள். கடவுள் முன் அனைவரும் ஒரே அளவில் தகுதியற்றவர்கள் என்றால் மனிதர் முன் ஒருவரும் தகுதியற்றவர் அல்லர். வாழ்நாள் முழுதும் தாழ்த்தப்பட்ட ஒருவர் அந்த வரியைச் சொல்லும்போது, தம்மைத் தாழ்த்தியவரும் பக்கத்தில் நின்று அதையே சொல்கிறார் என்பது அவருக்குக் கேட்க வேண்டும். கோவில் வாசலைக் கடந்து தெருவிலும் அது கேட்டாலன்றி அவர் எப்படி நம்புவார்? நம் மறுமொழியின் குறை அதில் இருப்பதை நாம் அறிவோம். இறையியல் நூல்களால் நிரப்பக்கூடிய குறை அன்று அது.

நம்பிக்கையைப் பற்றி மற்றொரு வேதனையும் நம் மக்களிடையே உண்டு. செபக்கூட்டங்கள் பெருகியுள்ள இந்நாளில், நோய் நீங்காதவர்களை நோக்கி, உமக்கு விசுவாசம் குறைவு என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். இரத்தப் புற்றுநோயில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயிடம் அப்படிச் சொல்லப்பட்டதை நாம் அறிவோம். அவர் பல மாதங்கள் கோவில் பக்கம் வரவில்லை. பிள்ளையின் சாவுக்குத் தாமே காரணம் என்று எண்ணிக் குமைந்தார். இந்நற்செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படிப் பேச எப்படித் துணிகிறார்கள்? படுக்கையில் கிடந்த பணியாளரின் நம்பிக்கை எவ்வளவு என்று இயேசு கேட்கவேயில்லை. அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. பேசக்கூடிய நிலையில் இருந்தாரா என்பதும் ஐயமே. அவருக்காக நம்பியவர் இன்னொருவர். நோயுற்றவரை இன்னும் உறுதியாக நம்பு என்று நெருக்குவதற்கு இக்கதை இடம் தருவதில்லை. அவர் பக்கத்தில் நலமாய் நிற்பவர்களாகிய நம்மையே அது நம்பச் சொல்கிறது.

நூற்றுவர் தலைவர் ஆண்டவரோடு எந்த ஒப்பந்தமும் செய்துகொள்ளவில்லை. நலம் தந்தால் இன்னொரு கூடம் கட்டுகிறேன் என்றாரா? இல்லை. ஒரு சொல் சொல்லும் என்று கேட்டுவிட்டு, அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டார். கேட்பது என் வேலை, சொல்வது உம்முடையது என்ற அளவோடு நின்றுகொண்டார். அந்தத் தாய் மெல்ல மெல்லத் திரும்பி வந்தபோது, அவருக்கு நம்மால் தர முடிந்ததும் அவ்வளவே. ஏன் உங்கள் பிள்ளைக்கு அந்த ஒரு சொல் வரவில்லை என்பதற்கு விளக்கம் சொல்ல முற்படவில்லை. நற்கருணைக்கு முன் அந்த மன்றாட்டை அவர் இன்றும் முழுவதும் சொல்வதில்லை, முதற்பாதியோடு நிறுத்திவிடுகிறார். அந்த நிறுத்தத்தையும் ஆண்டவர் செபமாகவே கேட்கிறார் என்று நாம் நம்புகிறோம்.

தகுதியற்றவன் என்று தம்மைச் சொல்லிக்கொண்டதாலேயே, தம் வீட்டுச் சுவர்களுக்குள் அன்று, தம் உள்ளத்திற்குள் கிறிஸ்து நுழையத் தகுதி பெற்றார் இந்த மனிதர் என்பது அகுஸ்தினாரின் விளக்கம். அழகிய விளக்கம்தான். ஆனால் அவர் அடிமையை விடுதலை செய்தாரா என்று அகுஸ்தினாரும் கேட்கவில்லை, நற்செய்தியும் சொல்லவில்லை. தூது சென்றவர்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது அடிமை நலமடைந்திருக்கக் கண்டார்கள் என்பதோடு லூக்கா முடித்துவிடுகிறார். நலமடைந்தவர் எழுந்து, வா என்றால் வந்தும், போ என்றால் போயும் பழையபடி ஏவலைச் செய்துகொண்டிருந்தாரா? அல்லது தாமும் அதிகாரத்திற்கு உட்பட்டவர் என்று அத்தனை தெளிவாகச் சொல்லத் தெரிந்த அந்தத் தலைவரால், அதன்பின் அவரைப் பழைய குரலில் ஏவ முடிந்திருக்குமா?